வண்டி கொட்டிய இடங்களில் மட்டும் மொச்சை

என் மகள் இந்த மாதம் வேளாண் பணியில் சேர்ந்திருக்கிறாள். மண் மாதிரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் கிளம்பும்போதெல்லாம் எனக்குப் பழைய வயல் ஒன்று நினைவுக்கு வருகிறது. அந்தக் கதையை அவளிடம் சொன்னதில்லை. அவளும் புதிதாக வருகிற மற்றவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

இருபத்து மூன்று வருடத்துக்கு முன், அறுபதுகளின் நடுவில், நான் சூலூர்ப் பக்கம் டெமான்ஸ்ட்ரேட்டர்; புது முறைகளை உழவர் வயலிலேயே செய்து காட்டுகிற வேலை. களைக்கொல்லி அப்போதுதான் எங்கள் பக்கம் வந்திருந்தது. விதைத்த மறுநாள் மண்மேல் தெளித்தால் களை வராது, பயிர் வரும். ஆய்வுப் பண்ணைக் கரிசலில் மொச்சை அதைத் தாங்கி நின்றதை நானே பார்த்திருந்தேன்.

சின்னானும் அவர் மனைவி மாராத்தாளும் தங்கள் வயலில் மொச்சை விதைத்துத் தெளிக்கச் சம்மதித்தார்கள். பல வருடம் பண்ணை வேலை பார்த்தவர்கள், முதன்முதலாக ஓர் ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். முதல் போகம் தோற்றால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு.

வாய்க்கால் ஓரம் மண் இளக்கமாக இருந்தது. அங்கே ஒரு வெட்டு வெட்டி மாதிரி எடுத்தேன். கறுப்பாக வந்தது. அட்டையில் ‘கரிசல்’ என்று எழுதி, கரிசலுக்கான கூடுதல் அளவையே கலந்து என் கையாலேயே தெளித்தேன்.

மூன்று வாரம் கழித்துச் சின்னான் சைக்கிளில் வந்தார்.

“ஏனுங்க சார், ஒரெட்டு வந்து பாத்துப்போட்டுப் போங்க.”

போனேன். மொச்சை மஞ்சளித்து, இலை ஓரம் கருகிச் சாய்ந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தச் சாவுக்கு நடுவே வட்ட வட்டமாகப் பச்சை. ஒவ்வொன்றும் ஒரே அகலம், ஒரே இடைவெளி, வரிசை வரிசையாக. யாரோ அளந்து வைத்தது போல.

“இது என்னங்க?” என்றேன்.

“வண்டி கொட்டுன எடமுங்க” என்றாள் மாராத்தாள். “நெலத்துக்காரர் முந்தி கொளத்து வண்டல் கொண்டாந்து குமிச்சாரு. அப்பறம் வாரித் தோப்புக்குக் கொண்டுபோயிட்டாரு. அடி வண்டல் அங்கயே கெடந்துபோச்சு. வண்டி ஓட்டுனதே இவருதான்.”

“எங்கிட்டச் சொல்லலியே?”

“நீங்க கேக்கலீங்களே! காயிதத்துல மண்ணக் கட்டிக்கிட்டு வெரசாப் போயிட்டீங்க.”

நான் வெட்டிய குழியைத் தேடினேன். அது ஒரு பச்சை வட்டத்துக்குள் இருந்தது. மற்றதெல்லாம் சரளைச் செம்மண்.

என் மேலதிகாரி வந்து இரண்டு மண்ணையும் விரலில் தேய்த்துப் பார்த்தார்.

“எத்தன எடத்துல எடுத்தே?”

“ஒரு எடத்துலீங்க சார்.”

“ஒரு பானைச் சோத்துக்குத்தான்யா ஒரு சோறு பதம். இது தோட்டம்! வண்டல் மருந்தப் புடிச்சு வெச்சுக்கும். செம்மண்ணு தண்ணியோட வேருக்கு எறக்கிப்போடும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “சோளம் இதத் தாங்கும். வெதைக்கச் சொல்லு.”

சொல்ல எனக்குத் துணிவில்லை. செத்த பகுதியில் பத்து இடத்து மண்ணெடுத்து, சட்டியில் சோளம் போட்டு, வீட்டில் தவழ்ந்துகொண்டிருந்த என் மகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தேன். பத்து நாள் கழித்தும் பச்சையாகவே நின்றது. சட்டியோடு போனேன்.

மாராத்தாள் இலையைக் கிள்ளிப் பார்த்தாள். “சட்டியில வந்தது தோட்டத்துல வருமுங்களா?”

“பத்து எடத்து மண்ணுங்க.”

“இந்த வாட்டி நோவாம எடுக்கல போலிருக்குது” என்று சிரித்தாள்.

மீதி இடமெல்லாம் சோளம் விதைத்தார்கள். அது ஆளுயரம் வளர்ந்தது. வட்டங்களில் பிழைத்த மொச்சைக் கொடி பக்கத்துச் சோளத்தட்டைப் பற்றி ஏறிப் பூத்தது. அறுப்பு முடிந்ததும் நிலத்துக்காரர் வந்து பார்த்தார். குத்தகை அவர்களிடமே நின்றது.

பயிர் மருந்தைத் தாங்குமா என்பது பயிரைப் பொறுத்தது என்று படித்திருந்தேன். ஒரே விதை, ஒரே மருந்து, நாலடி தள்ளி ஒன்று வாழ்ந்தது, ஒன்று செத்தது. அந்த வட்டங்கள் இன்றும் கனவில் வருகின்றன.

இன்று காலையும் மகளிடம் சொன்னேன்: “பத்து எடத்துல எடு கண்ணு. அதுக்கு முன்னால அங்க வண்டி ஓட்டுனது ஆருன்னு கேளு.”

“ஏனுங்கப்பா, தெனமும் இதையேதான் சொல்றீங்க” என்று சிரித்துக்கொண்டே போனாள். நாளையும் சொல்வேன்.