உப்பில்லாத குழம்பு

இருபத்து மூன்று வயதில் கக்கூஸுக்குப் போகவே பயந்தவள் நான். மூத்திரம் போய்விட்டு எழுந்தால் நெஞ்சு படபடக்கும், தலை வெடிக்கும், உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டும். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக் கக்கூஸ் கொல்லைக் கோடியில் இருக்கிறது. அங்கே எதையோ பார்த்துப் பயந்துவிட்டேன் என்று முடிவு கட்டிய அம்மா, வேப்பிலை அடிக்கும் ஒருவரிடம் மந்திரிக்கக் கூட்டிப்போனாள். அதற்குப் பிறகும் தலை வெடிக்கத்தான் செய்தது.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான், "எப்பல்லாம் வருது?" என்று கேட்டு ஸ்கேன் எடுக்க வைத்தார். மூத்திரப் பையில் கட்டி. அபூர்வமான வகையாம், பை சுருங்கும்போதெல்லாம் ரத்த அழுத்தத்தை ஏற்றுகிற எதையோ சுரந்துவிடுமாம். எனக்கு வர வேறு நோயே கிடைக்கவில்லையா என்று எரிச்சலாக இருந்தது. மாத்திரையால் அழுத்தத்தை அடக்காமல் கத்தி வைத்தால் உயிருக்கே ஆபத்து என்றார்.

"மாத்திரை போடறப்ப தண்ணி நிறைய குடிக்கணும். உப்பும் தாராளமா சேத்துக்கணும்."

அம்மா நன்றாகத் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் குழம்பில் உப்பை நிறுத்தினாள். அப்பா போனது பிரஷரில். மாத்திரைதான் நாக்கைக் கெடுத்துவிட்டது என்று நினைத்து நானும் சாப்பிட்டுத் தொலைத்தேன்.

ஆபரேஷனுக்குச் சேர்ந்த அன்று கட்டிலைவிட்டு எழுந்தவள் கண் இருட்டிக் கீழே விழுந்தேன். ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். டாக்டரம்மா சாப்பாட்டைப் பற்றி விசாரித்ததும் அம்மா முந்தானையைத் திருகினாள்.

"நான்தாம்மா போடல. இவ அப்பாவ உப்புதான் கொண்டுபோச்சு. இவளயும் தூக்கிக் குடுக்க முடியுமா?"

டாக்டரம்மா திட்டவில்லை. உப்பு இல்லாவிட்டால் இந்த மாத்திரை அழுத்தத்தை ஒரேயடியாக இறக்கிவிடும், அதனால்தான் விழுந்தேன் என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். என்னைவிட அவள்தான் அதிகம் பயந்திருந்தாள்.

அப்புறம் மோரில்கூட உப்பை அள்ளிப் போட்டாள். போடும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு நடந்த ஆபரேஷனில் கட்டியோடு பையின் ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள்.

மூத்திரம் போகச் செருகியிருந்த குழாயை எடுத்த அன்று, ஆஸ்பத்திரிக் கக்கூஸ் கதவுக்கு வெளியே அம்மா நின்றுகொண்டாள்.

"என்னடி, படபடங்குதா?"

நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

"இல்லம்மா."

கதவைத் திறந்தால், போகிற வருகிறவர்கள் பார்க்க, அம்மா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள்.