வெட்டு நாளில் வந்த பல்வலி

எனக்குப் பல்வலி வரப்போகிறது என்பது எனக்குத் தெரிவதற்கு முன்பே என் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டு, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்.

“உனுக்குக் கடவாப் பல்லு வலிக்குதுடி,” என்றாள்.

“இல்லியேம்மா.”

“இப்ப இல்ல. நாளைக்குக் காலைல வலிக்கும். பெரியப்பா பல்லு வெளக்கினு இருக்கறப்ப வந்து அழு. சித்தி உன்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போவும்.”

அப்போது நான் நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடலாம், பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போகலாம் என்றதும் காரணம் கேட்காமல் ஒப்புக்கொண்டேன். அழுவதில் நான் கைதேர்ந்தவள். மறுநாள் எங்கள் கரும்பு வெட்டு என்பது இரவு பாயில் படுத்த பிறகுதான் உறைத்தது. வருஷம் பூராவும் நான் காத்திருந்த நாள் அது. பல்வலிக்காரி எப்படிக் கரும்பு கடிப்பாள்? அந்தத் துக்கத்திலேயே காலையில் அழுகை நன்றாக வந்துவிட்டது.

இந்தப் பொய்ப் பல்வலிக்குக் காரணம் சித்திதான். சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு ஏம்பலத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு வந்தபோது ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவளாகத்தான் வந்தாள். ஒருநாள் ரேஷன் கார்டை நகல் எடுக்கத் தவளக்குப்பம் போனாள். அங்கே ஜெராக்ஸ் கடை பாய் ஒரு சங்கதி சொல்லியிருக்கிறார். பத்தாவதும் பன்னிரண்டாவதும் எழுதாதவர்கள்கூட, பதினெட்டு வயது நிறைந்திருந்தால், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஆறுமாத ஆயத்தப் படிப்பு ஒன்று படிக்கலாம். அந்தப் பரீட்சையில் தேறினால் நேராக பி.ஏ.வில் சேரலாம். பாயின் தங்கச்சியே அப்படிச் சேர்ந்தவள்தானாம். நகலெடுக்கப் போன சித்தி, அங்கேயே விண்ணப்பம் போட்டுவிட்டுத்தான் வீடு திரும்பினாள்.

எங்கள் வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அப்பாவும் சித்தப்பாவும் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதால் நிலம் அவர் பொறுப்பு. பெரியம்மா இறந்த பிறகு வீடும் அவர் பொறுப்பு என்று அவராகவே எடுத்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. ஆனால் உலகத்தில் எது செல்லும், எது செல்லாது என்று அவருக்கு மட்டுமே தெரியும். சித்தியின் படிப்பைப் பற்றியும் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

“அந்த டிகிரிலாம் எங்கியும் செல்லாதும்மா.”

“படிச்சி முடிச்சிட்டு, செல்லுதா செல்லலையான்னு பாத்துக்கறேன் மாமா,” என்றாள் சித்தி. தோசை வார்த்துக்கொண்டே, தலை நிமிராமல்தான் சொன்னாள். ஆனாலும் பெரியப்பா அன்று ஒரு தோசை குறைவாகச் சாப்பிட்டார்.

படிப்பதை அவர் தடுக்கவில்லை. தடையாக வந்தது சர்க்கரை ஆலை. ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் எந்த நாளுக்கு வருகிறதோ அன்றைக்கே வெட்டியாக வேண்டும். முறை தவறினால் கரும்பு காய்ந்து எடை போய்விடும். வெட்டு ஆட்களுக்கோ வெட்டு தொடங்கும் நாள் மத்தியானம் நிலத்துக்காரர் வீட்டுச் சாப்பாடு. அது நேரத்துக்கு வராவிட்டாலோ வாய்க்கு ருசிக்காவிட்டாலோ, மறுநாள் அந்தக் கூட்டம் பக்கத்து நிலத்தில் நிற்கும். அதனால் வெட்டு நாளில் நிலத்துக்குச் சோறு கொண்டுபோவதைத் தவிர எங்கள் வீட்டுப் பெண்கள் வாசல் தாண்டக் கூடாது. அந்த வருஷம் ஆர்டர் வந்த நாளும் சித்தியின் பரீட்சை நாளும் ஒன்றாகிப்போயின.

“அடுத்த தபா எழுதிக்கயேன்,” என்றார் பெரியப்பா.

“அடுத்த தபாவும் எதுனா ஒரு வெட்டு வரும் மாமா.”

“வந்தா வரட்டும். வூட்டு வேலைய வுட்டுட்டுப் பரீட்ச எழுத முடியுமா?”

சித்தி பாடப் புத்தகத்தை மூடி அரிசிப் பானைமேல் வைத்தாள். அதைப் பார்த்துத்தான் அம்மாவுக்கு என் கடவாய்ப் பல் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

காலையில் நான் அழுத அழுகையில் பெரியப்பா பிரஷ்ஷோடு ஓடிவந்தார். எல்லாம் திட்டப்படி போனது, அவர் ஒரு நியாயமான கேள்வி கேட்கும்வரை. “உன் புள்ளைய நீ கூட்டினு போயேன். சின்னவ சமைக்கட்டும்.”

“எனுக்கு ஊசியப் பாத்தா மயக்கம் வரும் மாமா,” என்றாள் அம்மா. கோழியை ஒற்றை ஆளாகப் பிடித்து அறுத்து உரித்துக் குழம்பு வைக்கிறவள் என் அம்மா. சித்தி சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். பெரியப்பா என் கன்னத்தைத் தடவி, “பாத்துப் புடுங்கச் சொல்லு,” என்று வழியனுப்பினார். எனக்கே அவர்மீது பரிதாபமாக இருந்தது.

பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டரின் டிரெய்லர் கழன்று ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. கண்டக்டர் இறங்கி வேடிக்கை பார்க்கப் போனார். சித்தி கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு என் கையைப் பிடித்து இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சிதறிக் கிடந்த கரும்பைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள். அங்கே புதுச்சேரிப் பக்கமே திரும்பிக்கொண்டிருந்த ஒரு பால் வேனை மறித்து நின்றாள். “பரீட்சண்ணே, ஏத்திக்கோங்க.” டிரைவர் என்னைப் பார்த்து, “பாப்பாவுக்கா?” என்று கேட்டார். “எனுக்கு,” என்றாள் சித்தி. அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல யாராலும் முடிந்திருக்காது.

பரீட்சை நடந்தது ஒரு கல்லூரியில். என்னை வாட்ச்மேன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு அவள் உள்ளே ஓடினாள். அவள் பின்னாலேயே காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர் ஒருவர் போனார். கைக்குழந்தையைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஒரு அக்கா போனாள். நரைத்த மீசையோடு ஒருவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி போனார். இவ்வளவு பெரியவர்கள் இன்னும் பாஸாகாமல் இருக்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. நான் ஒரு வகுப்பிலும் தவறியதில்லை.

வெளியே வந்த சித்தியின் முகம் வெயிலில் நடந்தது போல் சிவந்திருந்தது. “எல்லாத்தியும் எழுதிட்டேன்டி,” என்றாள். மருந்துக் கடையில் பஞ்சும் கிராம்பு எண்ணெயும் வாங்கி, நனைத்து என் கன்னத்துக்குள் வைத்தாள். வாயெல்லாம் எரிந்தாலும் எனக்குப் பெருமையாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசனை அப்படியே வந்துவிட்டதே.

நாங்கள் நேராக நிலத்துக்குப் போனோம். சாப்பாடு முடிந்து ஆட்கள் மறுபடி வெட்டிக்கொண்டிருந்தார்கள். நிலமே இனிப்பாக மணந்தது. மேஸ்திரி என்னைப் பார்த்ததும் நல்ல அடிக்கரும்பாக ஒரு துண்டு நறுக்கி நீட்டினார். அதற்கப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் பல்தான் பொறுப்பு. பஞ்சைத் துப்பிவிட்டு, கடவாய்ப் பல்லாலேயே கடித்து உரித்தேன்.

பெரியப்பா எதிரில் நின்றிருந்தார்.

“இன்னாடி, பல்லு?”

எனக்கு முன்னால் சித்தி வந்து நின்றாள். “பல்லுலாம் ஒன்னும் இல்ல மாமா. பரீட்ச எழுதிட்டு வந்தேன்.”

“யாரக் கேட்டுனு போன?”

“நான்தான் மாமா அனுப்பிச்சேன்,” என்றது பின்னாலிருந்து அம்மாவின் குரல். காலி அண்டாவைத் தலையில் வைத்துக் கிளம்ப இருந்தவள், அதை இறக்கிக் கீழே வைத்தாள். “சோறு நேரத்துக்கு வந்துச்சா, இல்லியா?”

பெரியப்பா மேஸ்திரியைப் பார்த்தார். அந்த மனிதர் விஷயம் தெரியாமல், “கருவாட்டுக் கொழம்பு நல்லாருந்துச்சுங்க,” என்றார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டார். பல நாள் அம்மாவிடம் பேசவில்லை. அம்மா அதைப் பொருட்படுத்தியதாகவும் தெரியவில்லை.

சாயங்காலம் அம்மா கிணற்றடியில் அண்டா துலக்கினாள். சித்தி தண்ணீர் ஊற்றினாள். நான் கரும்போடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“இன்னா கேட்டாங்க?” என்றாள் அம்மா.

சித்தி நினைவிலிருந்து ஒரு கேள்வியைச் சொன்னாள். கீழே கொடுத்திருந்த நாலு விடைகளை அவள் சொல்லத் தொடங்குவதற்குள் அம்மா விடையைச் சொல்லிவிட்டாள். சித்தி இன்னொன்று சொன்னாள். அதற்கும் அம்மா சொன்னாள். அம்மா எதுவரை படித்தவள் என்று நான் அதுவரை கேட்டதே இல்லை.

“இத எத்தினி வயசு வரிக்கும் எழுதலாம்?”

“எத்தினி ஆனாலும் எழுதலாம்க்கா.”

அந்த நரைத்த மீசைக்காரரைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்து, “ஒரு தாத்தாகூட எழுதினாரும்மா,” என்று நானும் சொல்லிவைத்தேன்.

அம்மா துலக்கி முடித்த அண்டாவை மறுபடியும் துலக்கினாள். பிறகு, “அடுத்த வருசம் வெட்டு வந்தா நீ ஒருத்தியே சமைச்சிடுவியா?” என்று கேட்டாள்.

“சமைச்சிடுவேன்க்கா,” என்றாள் சித்தி. அவள் கண் ஏன் கலங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. சித்தி இங்கே சமைத்தால் அங்கே பரீட்சைக்கு யார் போவார்கள் என்றும் தோன்றவில்லை. அடுத்த வருஷமும் எனக்கே பல் வலித்துத் தொலைக்குமோ என்ற ஒரே கவலையில், மிச்சமிருந்த கரும்பை அவசரமாகக் கடித்தேன்.