முதலில் போன பூஜை வீடியோ

ஆயுத பூஜை அன்று பகல் பதினொரு மணிக்குச் செல்வி போன் செய்தாள். எங்கள் ஆஸ்பத்திரியின் சாமராஜநகர் கிளையில் ஸ்கேன் டெக்னீஷியன். கொள்ளேகால் பக்கத்துப் பெண். நான் மைசூர் தலைமை ஆஸ்பத்திரியில் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, பைக்ல இருந்து விழுந்த கேஸுங்க. தலை ஸ்கேன் அனுப்பிக் கால் மணி நேரமாச்சு, அங்க டாக்டருக்கு இன்னும் வரலையாமுங்க. அவரு பாத்துச் சொன்னாத்தான் மைசூருக்கு ஏத்துவாங்க."

கீழே நரம்பு டாக்டர் வெறும் ஸ்க்ரீனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கிளையிலிருந்து வரும் லைன் அறுந்துபோகவில்லை, நிரம்பிக் கிடந்தது. என்ன ஓடுகிறது என்று பார்த்தேன். எல்லாம் வீடியோ.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பூஜைக்கு ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் தன் மெஷினுக்கு மாலை போட்டு, குங்குமம் வைத்து, வீடியோ எடுத்து அட்மினிஸ்ட்ரேட்டரின் ஃபோல்டரில் போட வேண்டும். நல்ல அலங்காரத்துக்குப் பரிசு. கிளையில் லேப், பார்மசி, ஆம்புலன்ஸ் ஷெட் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அப்படியும் ஸ்கேனுக்கு வழி கிடைத்திருக்க வேண்டும். கிடைக்காததற்குக் காரணம் நான்தான். முந்தின மாதம் அட்மினிஸ்ட்ரேட்டர் கூப்பிட்டு, "என் ஃபைல் மட்டும் எப்பவும் திறக்காம சுத்திக்கிட்டே இருக்கு, ஸ்வல்ப பாருப்பா" என்று கன்னடம் கலந்த தமிழில் கொஞ்சம் பார்க்கச் சொன்னார். அவரோடு வாதாட எனக்கு அலுப்பாக இருந்தது. அவர் ஃபோல்டருக்குப் போவது எதுவானாலும் முதலில் போகட்டும் என்று ரவுட்டரில் ஒரு ரூல் எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அதுவரை முதலிடத்தில் இருந்த ஸ்கேன் இரண்டாமிடத்துக்கு இறங்கியது. யாரிடமும் சொல்லவும் இல்லை.

ரூலை எடுத்தேன். இரண்டு நிமிடத்தில் படம் வந்துவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, "உடனே ஏத்தச் சொல்லுங்க" என்றார்.

அப்புறம்தான் ஃபோல்டரில் வந்து சேர்ந்திருந்தவற்றைப் பார்த்தேன். செல்வியின் ரூம் வீடியோவும் இருந்தது. மெஷினுக்குப் போட்ட மாலை முன்னால் வந்துவிட்டது. அதே மெஷின் எடுத்த படம் பின்னால் நின்றிருக்கிறது.

விழுந்தவர் குண்டலுபேட்டைக் கொத்தனார். பிழைத்துக்கொண்டார். வலது கை மட்டும் முன்போல் வரவில்லை. அந்தத் தாமதத்தால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதுப்பா" என்றார். இல்லை என்று சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பூஜை முடிந்து வேலைக்கு வந்த அன்றே அட்மினிஸ்ட்ரேட்டர் கூப்பிட்டார்.

"மறுபடியும் சுத்துதேப்பா."

"சுத்தும் சார். ஸ்கேன் எல்லாம் போன பிறகுதான் உங்களுது போகும்."

"சரி பிடு, விட்டுடு" என்று போனை வைத்துவிட்டார். அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒருவருக்கு வழிவிடும் முன், அதனால் யார் நிற்க வேண்டியிருக்கும் என்று பாருங்கள். மேலதிகாரியிடம் முடியாது என்று சொல்ல அரை நிமிடம் ஆனது. அதை ஒரு மாதம் முன்னால் சொல்லியிருக்கலாம்.