வில்லன் இல்லாத படம்

அந்தத் தையல் கூடத்தில் பத்தொன்பது பேர் வேலை பார்த்தார்கள். கட்டிங் மாஸ்டரைக் கேட்காமல் அவர்களில் யாரும் ஒரு படத்துக்கும் போனதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் ஆளாகப் போய்ப் பார்த்துவிடுவார். சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் அவருடைய நீள மேசையைச் சுற்றி டப்பாவைத் திறப்பார்கள். மாஸ்டர் சண்டைக் காட்சிகளைக் கையும் காலுமாக நடித்துக் காட்டுவார். முடிவை மட்டும் சொல்ல மாட்டார். கடைசியில் துணியில் கோடு போடுகிற சாக்கட்டியை எடுத்து, மேசை ஓரத்தில் ஒரு டிக் போட்டால் படத்துக்குப் போகலாம், பெருக்கல் குறி போட்டால் வேண்டாம். அதற்கு மேல் அங்கே பேச்சில்லை.

வெளியே அவரை யாரும் பெரிய மனுஷனாக நினைத்ததில்லை. இரண்டு அறை வீடு, முழங்கால் வலியோடு மல்லுக்கட்டும் மனைவி, கல்யாணமாகித் தூரமாய்ப் போய்விட்ட மகள். ஆண்டவன் அவருக்கென்று கொடுத்த ஒரே சபை அந்த மேசைதான்.

அந்தச் சபையில் மண் விழுந்தது காஜா அக்கா வந்த பிறகுதான். சட்டைப் பொத்தானுக்குத் துளை போட்டு ஓரம் அடிக்கிற காஜா வேலைக்கு வந்தவள். அதிகம் பேச மாட்டாள். ஒரு நாள் யாரோ ஒரு படத்தைப் பற்றிச் சும்மா கேட்கப்போக, "நல்ல படம்தாங்க. பஸ்ஸு போனப்புறமும் அந்தப் பொண்ணு வெறும் ரோட்டைப் பார்த்துக் கையை ஆட்டிக்கிட்டே நிக்குது பாருங்க..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்று பேர் கை அப்படியே நின்றுவிட்டது. அடுத்த வாரம் பாதி டப்பாக்கள் அவள் பக்கம் நகர்ந்திருந்தன.

மாஸ்டருக்கு அன்று சாப்பாடு ருசிக்கவில்லை.

"இதெல்லாம் ஒரு விமர்சனமா? கையை ஆட்டினாளாம்! ஹீரோ நாலு பேரைத் தூக்கி எறிஞ்சானே, அதைச் சொன்னாளா?" என்று இஸ்திரி அண்ணனிடம் பொருமினார்.

"அதைத்தான் நீங்க சொல்லிட்டீங்களே மாஸ்டர். போன வாரமும் அதே நாலு பேரைத்தான் எறிஞ்சீங்க" என்றார் இஸ்திரி அண்ணன், தைத்த சட்டைமேல் பெட்டியை ஓட்டியபடியே.

அன்றிலிருந்து மாஸ்டரின் காது ஒன்று காஜா மேசையிலேயே கிடந்தது. அவள் சிரித்தால் இவருக்கு வயிறு எரியும். அவள் பேசாமலிருந்தால், என்னத்தை யோசிக்கிறாளோ என்று அதற்கும் எரியும். படுக்கும்முன் கைகூப்பிக் கும்பிடும்போதுகூட அவள் முகம்தான் குறுக்கே வந்தது. சாமி முன்னால் நின்றுகொண்டு இப்படியா என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வார். மறுநாள் பழையபடி ஆகிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை புதுப்படம். காலையில் பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்துக் கைக்கு அளவு அட்டையை வைத்து வெட்டினால், மறுபக்கத்துக்கு அதே அட்டையைப் புரட்டிப் போட வேண்டும். நேற்றுத் தொழிலுக்கு வந்தவனுக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அந்த நேரம் பார்த்துக் காஜா அக்கா ஏதோ படத்தைப் பற்றிச் சொல்ல, நாலு பேர் "அய்யோ" என்று உருகினார்கள். என்ன சொன்னாள் என்று காதைத் தீட்டியவர் அட்டையைப் புரட்ட மறந்தார். நாற்பது சட்டைக்கும் இரண்டு கையும் இடக்கை.

"மாஸ்டர், இதைப் போட்டுக்க இனிமேதான் பிள்ளைங்களைப் பெத்தெடுக்கணும்" என்றார் முதலாளி. கோபப்படவில்லை. "திங்கக்கிழமைக்குள்ள முடியணும். இருந்து வெட்டிக் குடுத்துட்டுப் போங்க."

அவர் வெட்டி முடிப்பதற்குள் படம் ஆரம்பித்து முடிந்தும் போயிருந்தது. காஜா அக்கா அன்று நேரத்தோடு கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டாள் என்று மறுநாள் காலையிலேயே தெரிந்தது.

சாப்பாட்டு நேரம் வந்தது. "மாஸ்டர், படம் எப்படி?" என்றார்கள். பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புவார்களே! நாக்கு முந்திக்கொண்டது.

"படமாய்யா அது? ஒரே இழுவை. வில்லனுக்குப் போட்டிருக்கான் பாரு ஒரு ஆளை, நடிக்கவே தெரியல" என்று அழுத்தமாய் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

இஸ்திரி அண்ணன் திரும்பினார். "அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?"

அவள் மாஸ்டரை ஒரு தரம் பார்த்தாள். "எனக்குப் பிடிச்சுது. மாஸ்டர் பார்வை வேற, என் பார்வை வேற" என்றாள். அவ்வளவுதான்.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் மாஸ்டர் நினைத்தார். ஆனாலும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சட்டையை மாட்டினார்.

"என்னங்க, நல்லாயில்லன்னு சொல்லிட்டு அதுக்கே போறீங்களாக்கும்?" என்றாள் மனைவி, முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி.

"எவ்வளவு நல்லாயில்லன்னு பார்க்கத்தான்" என்று நழுவினார்.

யார் கண்ணிலும் படக்கூடாதென்று விளக்கணைந்து பத்து நிமிஷம் கழித்தே உள்ளே நுழைந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும் பேசாமல் வாழ்கிற கதை. வில்லன் வருவான், வருவான் என்று காத்திருந்தார். இடைவேளையே வந்துவிட்டது. விளக்கு எரிந்ததும் மூன்று வரிசை முன்னால் பார்த்தால் இஸ்திரி அண்ணன், காஜா அக்கா, இன்னும் ஏழெட்டுப் பேர். அவர் போட்ட பெருக்கல் குறியை ஒருத்தரும் மதிக்கவில்லை. செருப்பைத் தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார்.

படம் முடிகிறவரை வில்லன் வரவேயில்லை. வந்தது கண்ணீர்தான். குனிய வேண்டும் என்பதையே மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர்! இந்த இழுவைக்கு ரெண்டாவது தடவையா?" என்றார் இஸ்திரி அண்ணன்.

இன்னொரு பொய்க்கு வாயில் ஈரமில்லை. "முதல் தடவைதான்" என்றார்.

"அடப்பாவி! பார்க்காத படத்துக்கு வில்லன் வேற போட்டீங்களே!" எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காஜா அக்கா சிரிக்கவில்லை.

படியில் இறங்கும்போது மாஸ்டர் அவள் பக்கம் ஒதுங்கினார். "ஏம்மா, நேத்தே உனக்குத் தெரியும்தானே? ஏன் சொல்லல?"

"சாப்பாட்டு நேரம் மாஸ்டர். உங்களுக்குத் தொண்டையில இறங்காதே."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். குணத்திலும் இவளே முந்திக்கொண்டாளே என்று நெஞ்சு காந்தியது. இருந்தும் ஒரு விஷயம் தெரியாமல் வீட்டுக்குப் போக முடியாது. அதைக் கேட்க இவளை விட்டால் ஆளுமில்லை.

"முதல் பத்து நிமிஷம் விட்டுட்டேன். ரெண்டு பேரும் எதுக்குப் பேசுறதை நிறுத்தினாங்க?"

அவள் நின்றாள். "அப்பாவை அடக்கம் பண்ணப் புறப்படுறாங்க. நல்ல மழை. வீட்டுல இருக்கிறது ஒரே குடை. நீ எடுத்துக்கோன்னு அண்ணன் சொல்லல, அண்ணன் எடுத்துக்கட்டும்னு தங்கச்சியும் சொல்லல. ரெண்டு பேரும் நனைஞ்சுக்கிட்டே போறாங்க மாஸ்டர். குடை கதவோரமா சாய்ஞ்சு நிக்குது."

மாஸ்டருக்கு அந்தக் குடை கண்ணுக்கு நேரே தெரிந்தது. தான் பார்த்திருந்தால் மழையைச் சொல்லியிருப்பார், இடியைச் சொல்லியிருப்பார், குடையை விட்டிருப்பார். பொறாமை அடிவயிற்றில் அப்படியே கிடந்தது, துளிகூடக் குறையவில்லை.

"அப்புறம்?" என்றார்.