மைக்ராஸ்கோப்புக்கு நான் ஓட்டிய லாரி

இன்றைக்கு யூனிவர்சிட்டி ஆராய்ச்சிக்கூடத்துக்கு என் லாரியில் ஒரு பெரிய மைக்ராஸ்கோப் ஏற்றிப் போனேன். சர்க்கார் பணத்தில் வாங்கியது. யானைக்குட்டி எடை. எறும்பின் மனசைக்கூடப் பார்த்துச் சொல்லிவிடுமாம்.

பெட்டியில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். வழியில் பெட்டி சாய்ந்தால் அது சிவந்துவிடும். அப்புறம் பழுதானால் விற்ற கம்பெனி பொறுப்பேற்காது.

புரொபசர் மேடம் என் பக்கத்திலேயே ஏறிக்கொண்டார். "ஆறு வருஷம் டெல்லிக்கு எழுதி எழுதி வாங்கினது அண்ணா. நிதானமா போங்க."

"கவலைப்படாதீங்க மேடம். எங்க ஏரியா மர்பி டவுன்ல பாதிப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போறது என் வண்டியிலதான்."

எறும்புக்கே வழிவிட்டு ஓட்டினேன். பின்னால் வந்த ஆட்டோக்காரன் எட்டிப் பார்த்து, "இன்னா மாமா, மாப்பிள்ளை ஊர்வலமா?" என்றான்.

"ஆமாப்பா. மாப்பிள்ளை பொட்டிக்குள்ள இருக்கார்."

மேடம் சிரிக்கவில்லை. ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் கண்ணை மூடிக்கொண்டார்.

போய்ச் சேர்ந்ததும் அவரே லாரிமேல் ஏறிப் பார்த்தார். ஸ்டிக்கர் வெள்ளையாகவே இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனி என் பிள்ளைங்க சாம்பிளைத் தூக்கிக்கிட்டு வெளியூர் போக வேண்டாம் அண்ணா," என்றார்.

மாணவர்கள் கை தட்டினார்கள். நான்கு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

முதலில் சர்க்கரை வியாதிக்கு மருந்து கண்டுபிடிக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். உங்களுக்கு எந்த வியாதி என்று கீழே கமெண்டில் எழுதுங்கள். மேடம் என் பேச்சைத் தட்டமாட்டார்.