மூடி திறந்த டிரையர்

ஏசி மெக்கானிக்கின் சொந்தக் காரில் ஏசி ஓடக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும், தெருவே ‘ஐஸ்’ என்று அழைத்த அந்த மனிதர் எட்டு ஆண்டுகளாக அந்தச் சட்டத்தைக் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடித்து வந்தார்.

பட்டப்பெயருக்குப் பாதிக் காரணம் தொழில், மீதி முகம். ஒரே மகள் கல்யாணமாகிப் போன அன்றும், பட்டறைக் கூரை காற்றில் பறந்த அன்றும் அந்த முகம் நடுநிலை தவறவில்லை.

நான்கு மாதங்களுக்கு முன் ஒரு மத்தியானம், சிக்னலில் நின்ற அந்த இருபத்திரண்டு வயதுக் காரிலிருந்து அவர் மனைவி இறங்கினார். சத்தம் போடவில்லை.

“ஊர்க் காரையெல்லாம் குளுகுளுன்னு ஆக்கி அனுப்புறீங்க. நான் மட்டும் உங்க பக்கத்துல உக்காந்து வெந்துக்கிட்டு இருக்கேன். ஏசி ஓடுற அன்னிக்கு வந்து கூப்பிடுங்க.”

எதிரே வந்த பஸ்ஸில் ஏறி அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். சிக்னல் பச்சையானது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். ஐஸ் கியரைப் போட்டுப் பட்டறைக்குப் போய் அடுத்த காரைக் கழற்றினார்.

அதன் பிறகு அவருக்கு வருத்தம் ஏதும் இருந்ததாக அவருக்கே தகவல் இல்லை. காலையில் பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் டீ போடுவார். ஒன்றைக் குடிப்பார். மற்றது ஆறி ஆடை கட்டியதும் அதையும் குடிப்பார். வீணாக்கக் கூடாதல்லவா?

சகலை போன் செய்த பிறகுதான் விஷயம் சூடுபிடித்தது. வரும் புதன்கிழமை குடும்பத்தோடு வெளியூருக்கு வீடு மாற்றுகிறார்களாம். அதற்குள் இவர் வந்து கூப்பிடாவிட்டால் மனைவியும் அவர்களோடு போவதாக இருக்கிறாராம். சனிக்கிழமை வருவதாக ஐஸ் சொன்னார். பிறகு தன் காரைத் தானே பட்டறைக்குள் விட்டார். வாடிக்கையாளர் வரிசையில் எட்டு வருஷம் காத்திருந்த கார் அது ஒன்றுதான்.

இறுகிப்போன கம்ப்ரஸரை இறக்கினால், உள்ளே எண்ணெய் மை போல் கறுத்து, இரும்புப் பொடி மினுமினுத்தது. அதைத் தூக்கிப் போட்டார். குழாய் ஒவ்வொன்றையும் கழுவிக் காற்றடித்தார். கண்டென்ஸரும் வால்வும் புதிதாக வந்தன. வளையம் வளையமாக ரப்பரை மாற்றி, ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் தொட்டு வைத்தார்.

மிச்சம் இருந்தது டிரையர். டம்ளர் அளவு உலோக டப்பா. உள்ளே ஈரத்தை உறிஞ்சும் மணிகள். வாய் இரண்டிலும் மூடி. மாட்டுகிற நொடியில்தான் மூடியைத் திறக்க வேண்டும். திறந்து வைத்தால் ஊர்க் காற்றின் ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டு, காருக்குள் போய் உதவாமல் உட்கார்ந்திருக்கும். இந்த ஒரு குற்றத்துக்காக ஐஸ் தன் ஆயுளில் மூன்று வேலையாட்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

வியாழக்கிழமை மத்தியானம் டிரையரைக் கையில் எடுத்தபோது போன் அடித்தது. நான்கு மாதத்தில் முதல்முறையாக மனைவி.

“சனிக்கிழமை நிஜமாவே வர்றீங்களா?”

“ம்.”

“சரி.”

இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்துக்கு அது நீண்ட உரையாடல்தான். ஐஸ் டிரையரை மேஜையில் வைத்துவிட்டு, வழியில் நின்றுபோன ஒரு டாக்சியைப் பார்க்கப் போனார். மனதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வந்து பார்த்தால், டிரையரின் இரண்டு மூடிகளும் கழற்றப்பட்டு மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பட்டறையில் வேறு ஆள் கிடையாது. முந்தின நாள் போனில் பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய கைகளே அந்தக் காரியத்தைச் செய்திருந்தன; முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்தப் பழைய மாடலுக்கு வேறு டிரையர் திங்கட்கிழமை சாயங்காலம்தான் வரும் என்றார் உதிரிபாகக் கடைக்காரர். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டு ஆலோசனை வழங்கினார்.

“அண்ணே, அதையே மாட்டிடுங்க. ரெண்டு மாசம் ஜில்லுன்னு ஓடும். அண்ணி என்ன கழட்டியா பார்க்கப் போறாங்க?”

மறுக்க முடியாத வாதம். ஐஸ் ஸ்பேனரை எடுத்தார். சற்று நேரம் கையில் வைத்திருந்தார். எடுத்த இடத்திலேயே வைத்தார்.

சனிக்கிழமை, சட்டை முதுகோடு ஒட்ட, அவர் போய் இறங்கினார். சகலை வாசலில் அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். மனைவி நேராகக் காருக்கு வந்து, காற்று வரும் துளையில் கையை வைத்துப் பார்த்தார். அனல் அடித்தது.

“என்னாச்சு?”

“டிரையர் மூடியைக் கழட்டி வச்சாச்சு. ஈரம் குடிச்சிருச்சு.”

“யாரு கழட்டினது?”

“நான்தான்.”

“நீங்களா? எப்போ?”

“நீ போன் பண்ணப்போ.”

இருபத்தாறு வருடமாகச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் டிரையர் மூடியின் மகிமையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர் மனைவி. கணவரின் முகத்தைப் பார்த்தார். வழக்கம்போல் அங்கே செய்தி இல்லை. கைகளைப் பார்த்தார். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார்.

“புதுசு எப்ப வருது?”

“திங்கக்கிழமை சாயங்காலம்.”

“அப்ப செவ்வாக்கிழமை வாங்க. ஏசி ஓடாம நான் ஏற மாட்டேன்.”

சொல்லிவிட்டு உள்ளே போனார். சகலை, தான் கட்டிய முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். சற்று நேரத்தில் மனைவி ஒரு பழுப்புநிறப் பையோடு வந்து, அதை முன் சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

“துணியெல்லாம் இதுல இருக்கு. இது இன்னிக்கே போகட்டும்.”

ஐஸ் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். குறிப்பிட்டுச் சொல்லும்படி ஒன்றும் தோன்றவில்லை. பாதி வழியில் காரை ஓரங்கட்டி, பை இருந்த பக்கத்தில் எட்டு வருஷமாக இறுகிக் கிடந்த ஜன்னல் கண்ணாடியை, கைப்பிடியை இரண்டு கையாலும் சுற்றிச் சுற்றிக் கடைசி வரை இறக்கிவிட்டார். பையும் வேகுமல்லவா?