ராணி சொன்னதாக நான் எழுதியது

திருவாரூர்க் கோயிலில் கீழே கிடந்த பூவை எடுத்து முகர்ந்ததற்காகத் தன் ராணியின் கையை வெட்டினார் ஒரு பல்லவ அரசர். அவரை நாயன்மார்களில் ஒருவராக வணங்குகிறோம். கடலூரில் சரித்திர வாத்தியாராக இருந்துகொண்டு, அவரைப் பற்றி ஒரு நாவல் எழுதினேன். அவர் எந்தப் பல்லவன் என்பதிலேயே அறிஞர்களுக்குள் சண்டை. ராணியின் பெயரைச் சொல்லும் கல்வெட்டு ஒன்றும் என் கண்ணில் படவில்லை. தெரியாத இடத்தை நானே நிரப்பினேன். வெட்டுப்பட்ட ராணி கணவன் காலில் விழுந்து, "நீங்கள் செய்ததே நீதி" என்கிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

அதை வாசித்துக் காட்டச் சிதம்பரத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவின் வலது மணிக்கட்டு மடங்காது. பல வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை சோமவாரத்தில், படையலுக்கு வைத்திருந்த புளியோதரையில் உப்பு பார்த்துவிட்டாள் என்று, மாமா அவள் கையைப் பூஜை அறைக் கதவில் வைத்து நசுக்கினார். கட்டுப் போட்ட கையோடு பஸ் ஏறி என்னிடம்தான் வந்தாள். இரண்டாம் நாளே திரும்பக் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டேன். மாமா பக்திமான், ஏதோ கோபத்தில் செய்துவிட்டார் என்று நானே சமாதானம் சொன்னேன்.

நான் வாசித்து முடிக்கும்வரை அக்கா இடது கையால் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ராணி இப்புடி சொன்னாங்கன்னு எங்கியாச்சும் எழுதி இருக்கா?"

"இல்லக்கா. அவுங்க பேசுனதா ஒண்ணுமே கெடைக்கல. அதான் நானே எழுதுனேன்."

"ஒண்ணுமே இல்லன்னா, இப்புடித்தான் சொல்லியிருப்பாங்கன்னு ஒனக்கு ஏன் தோணுச்சு?"

நான் தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"அன்னிக்கி நீ பஸ் ஏத்திவுட்டப்ப நானும் ஒண்ணும் சொல்லல," என்றாள். "சரின்னு சொன்னதா நெனச்சுக்கிட்ட, இல்ல?"

கோயிலிலிருந்து மாமா நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். அக்கா எழுந்து நின்றாள். என்ன கதை என்று கேட்டார். சொன்னேன்.

"பக்தின்னா அது! இந்தக் காலத்துல யாருக்கு வரும்?" என்றார்.

அக்கா காப்பி போட உள்ளே போனாள். பின்னாலேயே போய், "எங்கூட வந்துடுக்கா" என்றேன்.

"இப்ப எதுக்குடா?" என்றாள், பாலைப் பார்த்தபடி. "எனக்கு அம்பத்தெட்டு ஆவுது."

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கங்களைக் கிழித்தேன். ராணி அரசனைச் சபிப்பதாக மாற்றி எழுதிப் பார்த்தேன். அதுவும் என் குரலாகவே ஒலித்தது. கடைசியில் வெட்டியதுவரை எழுதி, அவள் என்ன சொன்னாள் என்பது யாருக்கும் தெரியாது என்று நிறுத்திக்கொண்டேன். அத்தியாயம் பாதியில் நிற்கிறது என்றார் பதிப்பாளர். நிற்கட்டும் என்றேன்.

புத்தகம் வந்ததும் அக்கா பெயருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். போனில் பேசியது மாமாதான். நாயனார் கதையாயிற்றே என்று, அட்டைக்குக் குங்குமம் வைத்துப் பூஜை அறையில் சாமி படங்களுக்கு நடுவில் வைத்துவிட்டாராம். யாரும் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறாராம்.

"அக்கா படிச்சாச்சா மாமா?"

"அவளுக்கு எங்கப்பா நேரம்?" என்றார்.